கம்பஸ் எப்ப முடியும்? வன்னிப் பிள்ளைகளின் கடைசி வருடம்

வன்னியில் ஒரு வீட்டிலிருந்து பிள்ளை பல்கலைக்கழகம் போனால் அந்தப் பிள்ளையின் கணக்கு ஊருக்கே வந்துவிடும். கடைக்காரர் கேட்பார், கிராம அலுவலர் கேட்பார், செத்த வீட்டில் சந்திக்கும் தூரத்துச் சித்தி கேட்பார்: "கம்பஸ் எப்ப பிள்ளை முடியும்?" முதலாம், இரண்டாம் வருடத்தில் சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். நான்காம் வருடத்தில் இருப்பவர்கள் சிலர் இந்தக் கேள்விக்குப் பயந்தே கலியாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

பட்டப்படிப்பு ஒரே நாளில் முடிவதில்லை என்பதுதான் சிக்கல். கடைசிப் பரீட்சை ஒரு முடிவு. ஆய்வறிக்கையைக் கையளிப்பது இன்னொன்று. பெறுபேறு வருவது வேறு, பட்டம் செல்லுபடியாகும் திகதி வேறு, பட்டமளிப்பு விழா வேறு. வேலை கிடைப்பது இவை எதோடும் ஒட்டாத தனிக்கதை. இவற்றுக்கிடையே மாதங்கள் கிடக்கின்றன. சிலருக்கு வருடங்கள். "மகள் தையோட முடிக்கிறாள்" என்று நம்பி ஒரு தாய் சீட்டை முற்கூட்டியே எடுக்கும்போது, அவர் இவற்றில் எந்த முடிவை நம்பி எடுக்கிறார் என்பதில்தான் அந்த வீட்டின் அடுத்த இரண்டு வருடங்கள் தங்கியிருக்கின்றன. பம்பைமடுவிலும் அறிவியல்நகரிலும் இறுதியாண்டில் இருக்கும் சிலரோடு பேசியபோது எனக்குப் பட்டது, இதை வீட்டுக்கு விளங்கப்படுத்த அவர்களுக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை என்பதே.

இவர்களின் வயதை ஒருமுறை கணக்குப் பார்க்கவேண்டும். 2020 உயர்தர அணியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 2001இல் பிறந்தவர்கள். 2007 தையில் முதலாம் தரம். இரண்டாம் தரத்தில் இடப்பெயர்வு. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தபோது மூன்றாம் தரத்துக்குப் போகவேண்டிய பிள்ளைகள். அந்த மூன்றாம் தரத்தை அவர்களில் பலர் படித்தது செட்டிக்குளத்தில், இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி என்று பெரிய மனிதர்களின் பெயர் சூட்டிய முகாம்களில். பிறகு மீள்குடியேற்றம், தறப்பாள் கொட்டில், புலமைப்பரிசில் பரீட்சை. 2020 ஓகஸ்ட்டில் நடக்கவேண்டிய உயர்தரம் கொரோனாவால் ஒக்ரோபருக்குப் போனது. பெறுபேறு வந்தது 2021 மே மாதத்தில். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த காலத்தில் நாட்டில் எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை. 2024 மே 2ஆம் திகதி தொடங்கிய கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. இப்படியாக 22, 23 வயதில் முடியவேண்டிய படிப்பு 25இல் வந்து நிற்கிறது. யுத்தத்தைத் தம் சொந்த நினைவில் வைத்திருந்து பட்டம் பெறப்போகும் கடைசி அணிகளில் இதுவும் ஒன்று. இவர்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கு அது அம்மா சொன்ன கதை.

இடங்களுக்கும் ஞாபகம் உண்டு. 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து எழுந்த நிறுவனம் இன்று மன்னார் வீதியில் பம்பைமடுவில் இயங்குகிறது. பம்பைமடு என்ற பெயரை எங்களில் பலர் முதலில் கேட்டது வேறு காரணத்துக்காக. 2009இல் பெண் போராளிகளைத் தடுத்துவைத்திருந்தது வளாகத்தின் விடுதிக் கட்டடங்களில்தான். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்தபடி அக்காவைப் பார்க்க வரிசையில் நின்ற அதே பக்கத்துக்கு இப்போது விரிவுரைக்குப் போகும் ஒருவரை எனக்குத் தெரியும். கூடப் படிப்பவர்களிடம் அதை அவர் சொன்னதில்லை.

கிளிநொச்சியில், முறிகண்டி தாண்டியதும் வரும் அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. விவசாய பீடம் 1990இல் தொடங்கியது. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, யுத்தம் முடிந்த பின்னரே கிளிநொச்சிக்குத் திரும்பியது. சனங்களைப் போலத்தான். பொறியியல் பீடத்துக்கு முதல் அணி 2014இல் வந்தது. அதே ஏ9 வீதியோரத்தில் பெரிய ஆடைத் தொழிற்சாலை ஒன்றும் இருக்கிறது. காலை பஸ்ஸில் ஒரே வயதுப் பிள்ளைகள் ஏறுகிறார்கள், ஒரு பகுதியினர் தொழிற்சாலைக்கு இறங்குகிறார்கள், ஒரு பகுதியினர் பீடத்துக்கு. தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளை ஏழு வருடமாக வீட்டுக்குச் சம்பளம் கொண்டுபோகிறது. இந்தப் பிள்ளை இன்னும் பஸ் காசு கேட்கிறது. இறுதியாண்டில் இந்த ஒப்பீடு எந்தப் பரீட்சையையும்விடக் கூடுதலாகக் குடைகிறது.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மஹாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், பர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் கூட்டப்பட்டன. கூடியது உண்மை. ஆனால் இது வருடத்துக்குப் பத்துத் தவணை என்ற கணக்கில் வரும் காசு. படிப்பு நீண்டுபோனால் தவணையும் சேர்ந்து நீளும் என்று யாரும் எண்ணக்கூடாது. ஆய்வு அச்சிட, கட்ட, கொழும்புக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வரக் காசு தேவைப்படும் அந்தக் கடைசி மாதங்களில்தான் வங்கிக் கணக்கு வெறுமையாக இருக்கிறது.

இறுதியாண்டின் மையம் ஆய்வு. மேற்பார்வையாளர் ஒருவர் கிடைக்கவேண்டும், முன்மொழிவு எழுதவேண்டும், தரவு சேகரிக்கவேண்டும், ஆங்கிலத்தில் எழுதிக் கையளித்து வைவாவில் நின்று பதில் சொல்லவேண்டும். உயர்தரம் வரை தமிழிலேயே படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் ஒரு சுமைதான், நான்காம் வருடத்தில் அதோடு எப்படியோ பழகிவிடுகிறார்கள். தரவு சேகரிக்கக் கிராமத்துக்குப் போகும் நாள்தான் பழக்கத்துக்குள் வராதது.

2009க்குப் பின் வன்னிச் சனங்களிடம் படிவத்தோடு போகாதவர்கள் இல்லை. அரச அலுவலகம், தொண்டு நிறுவனம், வெளிநாட்டு ஆய்வாளர், கட்சிக்காரர், புலனாய்வுக்காரர். ஆகவே வினாக்கொத்தோடு படலையில் நிற்கும் மாணவியிடம் முதலில் கேட்கப்படுவது, "என்ன பிள்ளை, பதியிறியளோ? ஏதும் தருவினமோ?" ஒன்றும் தரமாட்டினம் அம்மா, இது என்ர படிப்புக்கு என்று சொன்னதும் ஏமாற்றம் ஒரு கணம்தான். உடனே பாயை விரித்து இருக்கச் சொல்வார்கள், தேத்தண்ணி வரும். படிப்புக்கு என்றால் வன்னியில் கதவு திறக்கும்.

அடுத்தது வினாக்கொத்தின் முதல் பக்கம். குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர்? நீர்ப்பாசனமோ நெல் விற்பனையோ, ஆய்வு எதைப் பற்றியதாக இருந்தாலும் இந்தக் கேள்வி இல்லாத வினாக்கொத்து இல்லை. உலகத்தில் எங்கும் ஒரு நிமிடத்தில் நிரப்பும் கட்டம் இது. எங்கள் பக்கத்தில் அந்த அம்மா விரல் மடித்து எண்ணத் தொடங்கி, நடுவில் நிறுத்துவார். 2009இல் வட்டுவாகலில் கையளித்த மகனை எண்ணுவதா விடுவதா? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தொடங்கி வீதியோரக் கொட்டகையில் அமர்ந்த தாய்மாருக்கு அந்த மகன் இன்னும் வீட்டு ஆள்தான். மாணவிக்கோ எக்செலில் ஒரு எண் போடவேண்டும். விவசாயப் பொருளாதாரம் சார்ந்த ஆய்வுக்காக இப்படிச் சில டசின் வீடுகளுக்குப் போன ஒருவர், அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்பியதாகச் சொன்னார். பேனையால் எழுத மனம் வரவில்லையாம். அவருடைய வீட்டிலும் அந்த எண் நிச்சயமில்லாதது.

இதையெல்லாம் ஆய்வு முறையியல் பாடத்தில் படிப்பிப்பதில்லை. படிப்பிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். வன்னியில் வேலைசெய்யும் மேற்பார்வையாளர்கள் சிலர் இதைத் தாங்களாகவே சொல்லி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

தொழிற்பயிற்சி இன்னொரு படி. பொறியியல், தகவல் தொழில்நுட்ப மாணவர்களுக்கு இது பெரும்பாலும் கொழும்பு என்று அர்த்தம். அறை வாடகை, சாப்பாடு, சிங்களம். வீட்டிலிருந்தே வேலைசெய்ய விடும் கொம்பனி கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி, ஆனால் வீட்டில் சிக்னல் இருக்கவேண்டும்.

இனி, பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டிய பகுதி. கடைசிப் பரீட்சை எழுதி, ஆய்வும் கையளித்துவிட்டால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். விடுதியும் இல்லை, விரிவுரையும் இல்லை. ஊரின் கண்ணுக்குப் படிப்பு முடிந்துவிட்டது. பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கு முடியவில்லை. விடைத்தாள்கள் திருத்தப்பட்டு, இரண்டாவது பரீட்சகரிடம் போய், பீடச் சபையில் பார்க்கப்பட்டு, மூதவை அங்கீகரித்த பின்னர்தான் பெறுபேறு உறுதியாகும். அப்போதுதான் பட்டம் எந்த நாளிலிருந்து செல்லுபடியாகும் என்ற திகதியும் எழுத்தில் வரும்.

இந்தத் திகதியை விழா நாளோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டமளிப்பு விழா ஒரு வருடம் கழித்தும் நடக்கலாம். அதற்கும் செல்லுபடியாகும் திகதிக்கும் தொடர்பில்லை. பட்டத்துக்கான தேவைகளைப் பிள்ளை எப்போது பூர்த்திசெய்தது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. ஒரு பாடம் தவறி, அதை அடுத்த அணியோடு எழுதினால் திகதியும் அடுத்த அணியோடு போய்விடும். அரசாங்கம் பட்டதாரிகளைச் சேர்க்கும்போது, இன்ன திகதிக்கு முன் பட்டம் செல்லுபடியாகியிருக்கவேண்டும் என்று ஒரு கோடு போடும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் நியமனம், அந்தப் பக்கம் நின்றால் அடுத்த ஆட்சேர்ப்பு வரைக்கும் காத்திருப்பு. 2017இல் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்த வேலையற்ற பட்டதாரிகளை நினைவிருக்கும். 2020இல் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பட்டதாரிப் பயிலுநர்களைச் சேர்த்ததும் நினைவிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நின்றவர்கள் எத்தனை பேர் 30 வயதைத் தாண்டினார்கள் என்பதை ஒவ்வொரு கிராமமும் அறியும். ஆகவே விழா வரும்வரை பேசாமல் இருக்கவேண்டாம். பெறுபேறு உறுதியானதும் செல்லுபடியாகும் திகதி குறிக்கப்பட்ட கடிதத்தையும் பெறுபேற்று அறிக்கையையும் கேட்டு எடுத்து வைப்பது நல்லது. அரச விண்ணப்பமோ வெளிநாட்டுப் படிப்போ, முதலில் கேட்கப்படுவது அவைதான்.

இன்னொன்று பெயர். யுத்தத்தில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்து, பின்னர் பிரதி எடுத்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, உயர்தரச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. பட்டச் சான்றிதழ் அச்சாகும் வரை இது யாருக்கும் உறைக்காது. அச்சான பின் திருத்துவது பெரிய அலைச்சல். மூன்றாம் வருடத்திலேயே எல்லாவற்றையும் மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு பின்னேரத்தோடு முடிகிற வேலை. தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஒரு விடயம்: படிவங்களில் மரணச் சான்றிதழ் கேட்கும் இடத்தில், காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழைக் கொடுக்க 2016இல் இயற்றப்பட்ட சட்டம் இடமளிக்கிறது. அதை எடுப்பதா விடுவதா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. எடுக்க மறுக்கும் தாய்மாரை எந்த அலுவலரும் அவசரப்படுத்தக்கூடாது.

பட்டமளிப்பு விழா பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முன்பு வவுனியா வளாகத்துப் பிள்ளைகளும் இதற்காக யாழ்ப்பாணம் போனார்கள், இப்போது வவுனியாவுக்கென்று தனிப் பட்டம். சேலை, வேட்டி, வான் வாடகை, ஸ்டூடியோ. அன்றைய செலவைப் பற்றி முணுமுணுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படம் வீட்டில் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் ஏறும், அந்தச் சுவரில் 2009க்குப் பிறகு ஏறும் முதல் நல்ல படமாகவும் அது இருக்கலாம்.

பெறுபேற்றுக்கும் வேலைக்கும் இடையிலான காலத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ரியூசன். பொறியியல் முடித்தவர் பௌதிகவியல், விவசாயம் முடித்தவர் உயிரியல், வணிகம் முடித்தவர் கணக்கீடு. முல்லைத்தீவின் உட்கிராமங்களில் உயர்தர விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு இந்த அண்ணாமாரும் அக்காமாரும் வாரத்தில் மூன்று நாள் வந்து போவது பெரிய உதவி. நான் பேசியவர்களில் ஒருவர் ஆய்வைக் கையளித்துவிட்டு, திகதிக்காகக் காத்திருக்கிறார். ஓலைக் கொட்டில் ஒன்றில் பதினொரு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். நாலு பேரிடம் காசு வாங்குவதில்லை. அவர்களில் ஒருத்தி அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள், பொறியியல்தான் வேண்டுமாம்.