இலைக்கட்டி: தையல் பிரித்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது

"கட்டிய வெட்டி எடுத்தாச்சி, காயமும் காஞ்சிட்டு. இனி என்னத்துக்குப் புள்ள கரண்ட் பிடிக்கப் போறாய்?" மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து வந்தவளிடம் சவளக்கடையிலும் கல்முனையிலும் உம்மாமார் இப்படித்தான் கேட்பார்கள். 'கரண்ட்' என்று அவர்கள் சொல்வது கதிர்ச் சிகிச்சையை. வந்தது 'பைலோட்ஸ்' கட்டியென்றால், பதில் வெட்டிய கட்டியைப் பரிசோதித்த றிப்போர்ட்டில் இருக்கிறது.

இது என்ன கட்டி?

மார்புக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இது வராது. வெட்டிப் பார்த்தால் உள்ளே இலை மடிப்புகள் தெரியும். அதனால் 1838இல் ஜேர்மன் மருத்துவர் ஜொஹானஸ் முல்லர், இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டார். வழுவழுப்பாக, தொட்டால் நகரும், பெரும்பாலும் வலிக்காது. சாதாரண நார்க்கட்டி போலிருந்தாலும் சில வாரங்களிலேயே மளமளவெனப் பெருக்கக்கூடும்.

றிப்போர்ட்டில் இரண்டு விடயம்

கட்டி சாதுவானதா, இடைநிலையா, புற்றுநோயா என்பது ஒன்று. அதைச் சுற்றி நல்ல சதை ஒரு சென்ரிமீற்றராவது சேர்த்து வெட்டப்பட்டதா என்பது மற்றது. விளிம்பில் மிச்சமிருந்தால் அதே இடத்தில் மீண்டும் முளைக்கலாம்.

கதிர் யாருக்கு?

சாதுவான கட்டிக்குப் பொதுவாகத் தேவையில்லை. மற்ற இரண்டு வகையிலும், குறிப்பாகக் கட்டி பெரிதாகவோ விளிம்பு போதாமலோ இருந்தால், வைத்தியர் பரிந்துரைக்கலாம். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மார்பைக் காத்துக் கட்டியை முழுதாக அகற்றிக் கதிரும் பெற்ற 46 பெண்களில், கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் அதே இடத்தில் கட்டி திரும்பவில்லை. கதிர் ஆயுளைக் கூட்டும் என்பது நிரூபணமாகவில்லை. கட்டி அதே இடத்தில் திரும்புவதைக் குறைக்கும். புற்றுநோய் வகை நுரையீரலுக்குப் பரவக்கூடும் என்பதால், அதைக் கவனிக்க கிளினிக்கைத் தொடரத்தான் வேண்டும்.

அங்கே என்ன நடக்கும்?

வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம். ஒவ்வொரு நாளும் சில நிமிடம்தான், வலிக்காது. நெஞ்சில் பேனாவால் கோடு போட்டிருந்தால் குளிக்கும்போது தேய்க்க வேண்டாம். தோல் கறுக்கும், உடம்பு அசதியாகும். கதிர் உடம்பில் தங்காது. பிள்ளையைத் தாராளமாக மடியில் வைக்கலாம்.

பயணத்துக்கு ஆயத்தம்

கதிர் கொடுக்கும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர். மாரியில் சவளக்கடையையும் கல்முனையையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது நாட்கள் தவறினால் சிகிச்சை பிசகக்கூடும். அந்த வாரங்களுக்கு மட்டக்களப்புப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

தையல் பிரிக்கப் போகும் அன்றே கேளுங்கள்: "டொக்டர், றிப்போர்ட் வந்திட்டா? எனக்குக் கரண்ட் தேவையா?"