நாகப்பட்டினத்துப் புத்தரை யார் காட்டுவது?

ஞாயிறு காலையில் கொரட்டூர் ஸ்டேஷனில் சென்ட்ரல் வண்டிக்குக் காத்து நின்றால், பிளாட்பாரத்தில் தமிழோடு போஜ்புரியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழும். ஒரு பக்கம் வில்லிவாக்கம், மறுபக்கம் பட்டரவாக்கம். அதை ஒட்டி அம்பத்தூர் தொழிற்பேட்டை. வாரம் முழுக்க லேத்திலும் பிரஸ்ஸிலும் நின்றவர்கள் வெளியே கிளம்பும் பகல் அது. பெரும்பாலும் மெரினாவுக்கும் பாரிமுனைக்கும்தான். எழும்பூர் அருங்காட்சியகமும் ஞாயிறு திறந்திருக்கிறது. அதற்கு வெள்ளிதான் விடுமுறை. ஆனால் 'வாங்க' என்று அங்கே இவர்களை அழைப்பது யார்?

1851இல் தொடங்கிய நிறுவனம் அது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் அங்கேயே விலங்குகளையும் வளர்க்க, கூட்டம் அள்ளியது. பின்னால் விலங்குகள் தனியே போனதும் சென்னை ஜனங்கள் ஒன்றுக்கு 'உயிர் காலேஜ்', மற்றதற்கு 'செத்த காலேஜ்' என்று பெயர் வைத்தார்கள். காணும் பொங்கலன்று செத்த காலேஜில் அலைமோதியவர்களில் எத்தனை பேருக்கு இங்கிலீஷ் விளக்க அட்டை படிக்கத் தெரிந்திருக்கும்? ஆக, எழுத்துத் தெரியாதவர் வரமாட்டார் என்ற பேச்சுக்கே இடமில்லை. வருவார். வந்தவர் என்ன கொண்டு போகிறார் என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் இதே கேள்வியை ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களை வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு மொழியிலும் விளக்கம் வைத்திருந்த அருங்காட்சியகங்களில் அந்தக் குடும்பங்களைக் கவனித்து எழுதிய ஆய்வு 2013இல் வந்தது. ஸ்பானிஷில் படிக்க முடிந்ததும் அப்பா அம்மாவே பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் இங்கிலீஷில் படித்தார்கள்; பேச்சு இரண்டு மொழிக்கும் தாவித் தாவிப் போனது. தங்களையும் ஒரு பொருட்டாக மதித்திருக்கிறார்கள் என்ற நினைப்பும் அவர்களுக்கு வந்தது.

எழும்பூர் வெண்கலக் கூடத்தில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். எட்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, கூட வந்த அப்பாவுக்காகப் புத்தர் சிலையின் தமிழ் அட்டையை எழுத்துக் கூட்டி வாசித்தாள்: "நா...கப்...பட்டினம்." நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அப்பா அது எங்கே இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. அவர் புத்தரைக் கும்பிட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

பேச்சை வைத்துப் பீகார்க்காரர் என்று ஊகித்தேன். அப்படியென்றால் அந்தப் பெட்டி அவருக்குச் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. கடல் கடந்த சைலேந்திர வம்சத்து மன்னர் பாலபுத்திரதேவர் 9ஆம் நூற்றாண்டில் பீகாரிலுள்ள நாலந்தாவில் ஒரு விகாரம் கட்டினார். பால மன்னர் தேவபாலர் அதற்கு ஊர்களைத் தானம் கொடுத்த செப்பேடு நாலந்தாவிலேயே கிடைத்திருக்கிறது. அதே வம்சத்தைச் சொல்லிக்கொண்ட ஸ்ரீவிஜய மன்னர் முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினார். இங்கே ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழன் தானம் கொடுத்தான். பீகாருக்கும் நாகைக்கும் இப்படியொரு உறவு. ஐந்தே வரியில் இந்தியில் எழுதி வைத்தால் மகளுக்கு அப்பா சொல்லிக்கொடுக்கலாம்.

'கலைக்கு எதற்கய்யா மொழி?' என்பார்கள். இதே அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசரை பிரெஞ்சுச் சிற்பி ரோதான் வெறும் புகைப்படத்தில் பார்த்தே உருகி எழுதவில்லையா என்பார்கள். எழுதினார்தான், 1921இல் அச்சிலும் வந்தது. அவர் ரோதான். நமக்கு, அந்தத் திருவாலங்காடு நம் கொரட்டூர் லைனிலேயே அரக்கோணத்துக்கு முன்னால் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்தியில் அட்டையா என்று புருவம் உயரும். 1938, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டங்களைப் பார்த்த மாநிலம், உயரத்தான் செய்யும். ஆனால் நம் பிள்ளை தலையில் ஒரு மொழியைக் கட்டுவது வேறு, வீட்டுக்கு வந்தவரிடம் அவர் மொழியில் நாலு வார்த்தை பேசுவது வேறு. அதோடு, வடக்கிலிருந்து வருகிறவர் எல்லோருக்கும் இந்திதான் என்று முடிவு கட்டுவதும் ஒருவகைத் திணிப்பே. ஒடியா வேண்டும், வங்காளம் வேண்டும். கங்கைப் படையெடுப்பில் ராஜேந்திர சோழனின் சேனை கடந்து போனதே ஒட்ட நாடு என்ற ஒடிசாவையும் வங்காளத்தையும்தானே!

எல்லா அட்டையையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. பத்துப் பொருள் போதும். காதில் இயர்போன் மாட்டாதவர் மின்சார ரயிலில் யார் இருக்கிறார்? செல்போனில் கேட்கிற மாதிரி ஒலிப்பதிவாகவும் வைக்கலாம். அதற்கு முன் நம் தமிழ் அட்டைகளைத் தமிழாக்க வேண்டும். 'அபய முத்திரை', 'சுகாசனம்' என்று மட்டும் எழுதினால் கொரட்டூர்க்காரருக்கும் பாதிதான் புரியும். கையை உயர்த்தி 'பயப்படாதே' என்கிறார், காலை மடித்துச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதினால், எழுத்துக் கூட்டிப் படித்த அந்தப் பெண்ணே அப்பாவுக்கு மொழிபெயர்த்துவிடுவாள்.