மழலையும் எழுத்து நிலைமாற்றமும்

மழ என்னும் உரிச்சொல் இளமைப் பொருளது என்பது தொல்காப்பிய உரியியலால் பெறப்படும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் மழலையின் இனிமையையே எண்ணினர்; அதில் எழுத்துகள் திரியும் முறை அவர்க்குப் பொருளன்று. ஆயின் மொழியியல் பயில்வார்க்கு அதுவே பொருளாகும்.

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலை, பல்லவன் இராசசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலால் அறியப்படும் சிற்றூர். (தாளம் என்னும் வடசொல்லும் ஈண்டுப் பனையையே குறிக்கும்.) அவ்வூரில் எம் உறவினர் இல்லத்து மூன்று வயது நிரம்பாத குழந்தையொன்றின் பேச்சைச் சின்னாள் குறித்துவந்தோம். தன் ஊர்ப்பெயரை அது 'மனபலை' என்றது. தொப்பி 'பொத்தி' ஆயிற்று. சப்பாத்தி 'பச்சாத்தி' ஆயிற்று. தீப்பெட்டி 'பீத்தெட்டி' ஆனபோது இல்லத்தார் நாணி நகைத்தனர்.

இவற்றை நாவின் இயலாமை என ஒதுக்குதல் பொருந்தாது. குதிரையை அக்குழந்தை 'குதியை' என்றது. அது ரகரம் ஒலிக்க வாராமையால் நேர்ந்தது. மனபலை அத்தகையதன்று. பகர மகரங்கள் இதழியைந்து பிறப்பன. இதழொலிகள் குழந்தை வாயில் முந்தித் தோன்றுவதை உரோமன் யாக்கோபுசன் 1941-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இவ்விரண்டையும் எம் குழந்தை செவ்வனே ஒலித்தது. இடமே மாறியது.

மாறிய முறை கருதத்தக்கது. தொப்பி என்பதில் எழுத்துகள் முழுமையாக இடம் மாறின், ஒகரமும் தகரத்தொடு உடன் சென்றிருத்தல் வேண்டும். அங்ஙனம் செல்லவில்லை. ஒகரமும் இகரமும் தத்தம் இடத்தே நிற்க, தகரமும் பகரமுமே மாறின. இரட்டித்தலும் பெயரவில்லை, பப்பெய்திய இரட்டிப்பைத் தகரம் ஏற்றுக்கொண்டது. பச்சாத்தி, பீத்தெட்டி என்பவற்றிலும் இதுவே நிலை.

இனி, தசை சதை ஆயினமை நோக்குக. அகரமும் ஐகாரமும் அசையாது நிற்கின்றன. தகர சகரங்களே மாறின. தென்மாவட்டப் பேச்சில் மதுரை 'மருதை' எனப்படுதலும் அவ்வாறே. ஞிமிறு மிஞிறு ஆதலும், சிவிறி விசிறி ஆதலும் இதற்கு முரணல்ல. ஆண்டு இரு உயிரும் இகரமேயாதலின் அவை தெளிவான சான்றாகா. குதிரை 'குருதை' ஆகுங்கால் மட்டும் இகரம் உகரமாய்த் திரிகின்றது. முன்னின்ற உகரத்தின் ஈர்ப்பே அதற்குக் காரணமாகலாம். எழுத்து நிலைமாறுதல் என்று நாம் வழங்குவதை மெய் நிலைமாறுதல் என்பதே இத்தகைய சொற்களுக்குப் பொருத்தமாம்.

எம் பிழையொன்றையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். குழந்தை பழத்தைப் 'பயம்' என்றது. "பயம் வேணும்" என்று அழுதபோது நாமும் நகைத்தோம். மழலை என்றே குறித்துக்கொண்டோம். மறுநாள், செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அதன் பாட்டியார், "வாயப்பயம் உரிச்சுத் தரட்டுமா?" என்று எம்மை வினவினார். குறிப்பை அடித்துவிட்டோம். வளர்ப்போரின் பேச்சைக் கேளாது மழலையைத் தொகுப்பார் பலர்க்கும் இவ்விடர் நேரும்.

சில திங்கள் கழித்து மீண்டும் சென்றோம். குழந்தை ஊர்ப்பெயரைத் திருத்தமாகச் சொல்லிற்று. தொப்பியும் தீப்பெட்டியும் சீர்பெற்றிருந்தன. பச்சாத்தி மட்டும் மாறவில்லை. அதற்குள் அவ்வில்லத்தார் அனைவரும் அச்சொல்லையே வழங்கத் தொடங்கியிருந்தனர்.