பாபேல் கோபுரமும் வேதியியல் மாணவரும்

வானளாவும் கோபுரம் எழுப்பப் புகுந்த மக்களின் மொழி தாறுமாறாகி, ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமற் போன வரலாற்றை ஆதியாகமத்தில் நாம் படித்திருக்கிறோம். அந்தப் பாபேலின் பெயரைத் தாங்கிய கணிப்பொறி நிரல் ஒன்று வேதியியல் உலகில் வழங்கி வருகிறது. ‘ஓப்பன் பாபேல்’ என்பது அதன் பெயர். வேதிப்பொருள்களைக் கணிப்பொறியில் எழுதிவைக்க நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் உள்ளன. ஒரு முறையில் எழுதியதை இன்னொரு முறைக்குப் பெயர்த்துத் தருவதே இதன் தொழில். இத்தகைய நிரல்களைச் செப்பனிடும் பணியில் கல்லூரி மாணவரும் பங்கு கொள்கின்றனர். அதுபற்றியே இங்குச் சில சொல்ல விழைகிறோம்.

வீட்டில் காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அதையே அசிட்டமினோபென் என்பர். இரண்டும் ஒன்றே என அறியாத ஒருவர் இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் அளவு மிஞ்சி ஈரலுக்குக் கேடு விளையும். பெயரை மட்டும் நம்பலாகாது என்பது இதனால் விளங்கும். ஆகவே, அமெரிக்க வேதியியல் கழகத்தைச் சார்ந்த சி.ஏ.எஸ். நிறுவனம் 1965 முதல் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் வழங்கி வருகிறது. பாரசிட்டமாலின் எண் 103-90-2. இதன் இறுதி இலக்கம் ஒரு காவற்காரன் எனலாம். எஞ்சிய இலக்கங்களை வலப்புறமிருந்து முறையே 1, 2, 3, 4, 5 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 0, 18, 9, 0, 5, ஆக 32. அதன் கடைசி இலக்கம் 2. எண்ணை எழுதுகையில் ஓர் இலக்கம் பிறழ்ந்தால் பெரும்பாலும் கணக்கு ஒவ்வாது. அப்போது பிழை உடனே அகப்படும். பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம்.

எண் போதாது, மூலக்கூறின் அமைப்பையும் எழுதியாக வேண்டும். 1988-இல் டேவிட் வைனிங்கர் வெளியிட்ட ‘ஸ்மைல்ஸ்’ என்னும் முறையில் அதை ஒரே வரியில் எழுதிவிடலாம். ‘சிசிஓ’ என்றால் சாராயத்திலுள்ள எத்தில் ஆல்கஹால். அதே எழுத்துக்களை ‘சிஓசி’ என மாற்றினால் டைமெத்தில் ஈதர்! அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. ஆயினும் முன்னது திரவம், பின்னது சாதாரண வெப்பநிலையில் வாயு. இதனினும் நுட்பம் ஒன்றுண்டு. நம் இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழலாக அமைந்த மூலக்கூறுகள் உள்ளன. கார்வோன் என்னும் பொருளின் ஒரு வடிவம் புதினா மணம் வீசும். மற்றது கேரவே என்னும் சீரக இனத்தின் மணம் வீசும். ஸ்மைல்ஸ் வரியில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு சுழிக்குறியே. நிரலில் உள்ள குறையால் அக்குறி உதிர்ந்துவிடுமாயின், இடக்கை எது, வலக்கை எது என்று கணிப்பொறிக்குத் தெரியாது.

2004-இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தொடங்கிய ‘பப்கெம்’ களஞ்சியத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்கள் இடம்பெற்றுள்ளன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பற்பல இடங்களிலிருந்து வந்து குவியும் இத்தகவல்களில் ஓரிடத்துப் பிழை பல இடங்களுக்குப் பரவுவது எளிது. ஆகவே பிழை களைதல், ஒரே பொருள் இருமுறை பதிவாகியிருப்பின் கண்டறிதல், பெயர்த்தெழுதும் நிரலைச் சோதித்தல் ஆகியன மாணவருக்கு ஏற்ற வேலைகள். பகட்டில்லாத வேலைதான், ஆனால் மருந்தாராய்ச்சி இதன்மேல் நிற்கிறது.

இதில் ஒருவர் வரலாறு நம் நெஞ்சைக் கவர்ந்தது. கூகுள் நிறுவனம் 2005-இல் தொடங்கிய கோடைகாலத் திட்டத்தின் வாயிலாக, இயற்பியல் பயின்ற மார்க்கஸ் ஹான்வெல் என்பார் 2007-இல் ‘அவகாட்ரோ’ என்ற நிரலில் பணியாற்றினார். மூலக்கூறுகளைத் திரையில் கட்டி, திருப்பிப் பார்க்க உதவும் நிரல் அது. கோடை முடிந்தும் அவர் அதை விடவில்லை. பின்னாளில் ‘ஓப்பன் கெமிஸ்ட்ரி’ என்னும் திட்டத்தை முன்னின்று நடத்தினார். அத்திட்டம் தானும் அதே கோடைத் திட்டத்தின் வழியே மாணவரை ஏற்றுப் பயிற்றுவித்தது.

பெற்றோருக்கு ஒரு சொல். பட்டப்படிப்பின் இறுதியில் கணக்கற்ற ‘புராஜெக்ட்’ ஏடுகள் கட்டப்பட்டு, கையொப்பம் பெற்று, அலமாரியில் உறங்குகின்றன. இதை எழுதும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது. எத்தனை பிள்ளைகளின் உழைப்பு! மேற்கூறிய திறந்த திட்டங்களில் மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியையும் அனுபவசாலிகள் பலரறியப் படித்துப் பார்ப்பர், திருத்தச் சொல்வர், சிலவற்றை மறுத்தும் விடுவர். ஏற்கப்பட்டது உலகெங்கும் பயன்படும். கூகுள் திட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. தேறியவருக்கு உதவித்தொகையும் உண்டு. 2022 முதல் கல்லூரி மாணவரேயன்றிப் பதினெட்டு வயது நிரம்பிய பிற புதியவரும் விண்ணப்பிக்கலாம். ஆதலால், பயிற்சிச் சான்றிதழுக்கு முன்பணம் கேட்போரிடம் பிள்ளைகளை அனுப்புமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

சோதனைக் கூடத்தில் கை பழகுவதற்கு இது ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குடுவையைத் தொட்டறியாதவருக்குத் திரையில் தோன்றும் தவறு தவறாகவே படாது. இரண்டிலும் நாட்டமுள்ள பிள்ளைக்கு வழி இதுதான்: கொஞ்சம் ‘பைத்தான்’ மொழி பயிலட்டும்; ஓப்பன் பாபேலையோ ‘ஆர்.டி.கிட்’ நிரலையோ தன் கணிப்பொறியில் நிறுவிப் பார்க்கட்டும். பாடநூலில் தான் படித்த பத்து மூலக்கூறுகளை எழுதிக் கொடுத்து, திரும்பி வருவது சரிதானா என்று ஒப்பிடட்டும். எங்கேனும் ஒரு சுழிக்குறி தவறியிருக்கக் கண்டால், அதை அந்த நிரலாளருக்கு எழுதித் தெரிவிக்கட்டும்.