விழித்திரையில் வளரும் தீங்கற்ற கட்டி

கட்டி என்றதும் நாம் புற்றுநோய் என்றே பயந்துவிடுகின்றோம். எல்லாக் கட்டிகளும் புற்றுநோயல்ல. ஆனால் புற்றுநோயல்லாத கட்டியும் பார்வையைப் பறிக்கக்கூடும். அவ்வாறான அரிய கட்டி ஒன்றை இங்கு விளங்கிக்கொள்வோம்.

கண்ணின் உட்புறத்தில், பின்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. சிலருக்கு அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பின்னிப்பிணைந்து செந்நிற உருண்டையாக வளர்கின்றன. ஜேர்மனிய கண் வைத்தியர் வொன் ஹிப்பெல் 1904 இல் இதனை விவரித்தார். மூளையில் தோன்றும் இத்தகைய கட்டிகளுடன் இதற்குள்ள தொடர்பை 1926 இல் சுவீடன் வைத்தியர் லிண்டாவ் எடுத்துக்காட்டினார். இருவரின் பெயராலும் இந்நோய் அழைக்கப்படுகின்றது.

இக்கட்டி பரவுவதில்லை, கசிகின்றது. வாய்க்கால் கசிந்து வயலில் நீர் தேங்குவது போல, கசிந்த நீர் விழித்திரையின் கீழ் தேங்கி அதனைப் பிரித்துவிடுகின்றது.

வைத்தியர் மருந்துத்துளி விட்டு, கண்மணியை விரியச்செய்து உள்ளே பார்ப்பார். கையில் சாயமருந்து ஏற்றிப் படமும் எடுப்பார். பெரும்பாலும் இவையே போதும். வேறுசில அரிய கட்டிகளில் சந்தேகம் தீராவிடில், சத்திரசிகிச்சை மூலம் சிறுதுண்டு எடுத்துச் சோதிப்பர். ஆனால் குழந்தையின் கண்ணில் புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் ஊசி குத்துவதைத் தவிர்ப்பர். குத்திய வழியே நோய் வெளியே பரவக்கூடும்.

சிறிய கட்டியை லேசர் ஒளியால் சுடலாம். ஓரத்திலுள்ள சற்றுப் பெரியதை உறையவைத்து அழிக்கலாம். விழித்திரை பிரிந்துவிட்டால் சத்திரசிகிச்சை தேவைப்படும். அப்போதும் இழந்த பார்வை முழுவதும் மீளுமென்று சொல்லமுடியாது. ஆகவே கட்டி சிறிதாயிருக்கும்போதே கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

ஆரம்பத்தில் நோவும் இல்லை, பார்வைக் குறைவும் இல்லை. இந்நோய் பரம்பரையாகவும் வரும். இதற்குரிய மரபணு 1993 இல் கண்டறியப்பட்டது. அந்த மரபணுப் பிழை தாயிடமோ தந்தையிடமோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், சகோதரர்களும் பிள்ளைகளும் கண்ணைப் பரிசோதிப்பித்து, மரபணுச் சோதனை பற்றியும் வைத்தியரிடம் கேட்கவேண்டும். பிழையுள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை தேவை. மூளை, சிறுநீரகம் ஆகியவற்றையும் கவனிக்கவேண்டும்.

குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிந்தாலோ, கண் புதிதாக மாறுகண்ணானாலோ நாட்டுமருந்து விட்டுக் காலம் கடத்தாதீர்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம். உடனே கண் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இடம்விட்டு இடம் மாறும்போது காணி உறுதியுடன் கிளினிக் கொப்பியையும் கண் படங்களையும் பொலித்தீன் பையிலிட்டு எடுத்துச்செல்லுங்கள். கட்டி வளர்ந்துள்ளதா என்பதைப் புதிய வைத்தியர் பழைய படத்துடன் ஒப்பிட்டே அறியமுடியும்.