கணிப்பொறியில் தங்கிவிடும் தற்காலிகக் கோப்புகள்

தாம்பரத்திலிருந்து சேலையூர், மாடம்பாக்கம் பக்கமாகவோ, பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கமாகவோ நடந்து செல்பவர் கண்ணில் கட்டி முடியாத வீடு ஒன்றேனும் படாமற் போகாது. மேல்தளத்திற்குக் கான்கிரீட் இட்டிருப்பார்கள். அதன் கீழே முட்டுக்கம்புகள் காடு போல நெருங்கி நிற்கும். கட்டட வேலை செய்வோர் இதனைச் ‘சென்ட்ரிங்’ என்பர். அந்தக் கம்புகளும் பலகைகளும் வீட்டின் உறுப்புகள் அல்ல. வீட்டின் வரைபடத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. ஆயினும் அவை இன்றித் தளம் எழாது. சுவருக்குச் சுவர் நாலரை மீட்டருக்கு மேற்படாத தளமாயின் முட்டுகளை 7 நாளேனும், மேற்பட்டதாயின் 14 நாளேனும் பிரிக்கலாகாது என்று இந்தியத் தர விதி கூறுகிறது. முந்திப் பிரித்தால் தளம் விழும். பிரிக்காமலே விட்டுவிட்டால் வீட்டுக்காரர் குடியேற இயலாது.

கணிப்பொறியில் தற்காலிகக் கோப்புகள் என்று சொல்லப்படுபவை இத்தகைய முட்டுகளே. நீங்கள் ஒரு கட்டுரையைத் தட்டச்சுச் செய்து, அதனைச் சேமிக்குமாறு பணிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சொற்செயலி பழைய கோப்பின் மீதே எழுதத் தொடங்குவதில்லை. முதலில் வேறொரு பெயரில் புதிய கோப்பு ஒன்றை எழுதுகிறது. முழுவதும் எழுதி முடித்த பின்னரே அதனைப் பழையதன் இடத்தில் வைக்கிறது. இடையில் மின்சாரம் நின்றுபோனாலும் பழைய கோப்பேனும் பழுதின்றி எஞ்சும். அவ்வாறே, புதிய செயலியை நிறுவும்போது கட்டவிழ்க்கப்படும் பொதிகள், உலாவி பார்த்த படங்களின் படிகள், அச்சுப்பொறிக்குச் செல்லக் காத்திருக்கும் பக்கங்கள் ஆகிய எல்லாமே வேலை நடக்கும் வரையில் தேவைப்படுபவை, முடிந்தபின் தேவையற்றவை.

வேலை முடிந்ததும் அவற்றை நீக்க வேண்டியது அவற்றை உண்டாக்கிய செயலியின் கடமை. பெரும்பாலும் அது நீக்கியும் விடுகிறது. ஆனால் மின்சாரம் திடீரென நின்றாலோ, செயலி நடுவில் உறைந்து நாம் அதனை வலிந்து மூடினாலோ, நீக்குவதற்கு அங்கே யாரும் இல்லை. மேஸ்திரி பாதி வேலையில் ஊருக்குப் போய்விட்ட வீட்டைப் போல முட்டுகள் அப்படியே நிற்கின்றன. இப்படி நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒரு நாள் வட்டில் இடமில்லை என்ற அறிவிப்புத் தோன்றுகிறது. அந்த அறிவிப்பு பெரும்பாலும் நாளை ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை இன்றிரவு எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் வரும்!

விண்டோஸ் கணிப்பொறியில் இவை சேரும் இடத்தைக் காண்பது எளிது. விண்டோஸ் விசையுடன் ‘ஆர்’ எழுத்தை அழுத்தித் தோன்றும் கட்டத்தில், விழுக்காட்டுக் குறி, பிறகு டி, ஈ, எம், பி என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள், மீண்டும் விழுக்காட்டுக் குறி என இட்டால் அந்தக் கோப்புறை திறக்கும். அதனைக் கண்டதும் அனைத்தையும் தேர்ந்து ஒரே அடியாக அழிக்க வேண்டும் என்ற வேகம் மாணவர்க்கு எழுவது இயல்பு. அவசரப்பட வேண்டாம். ‘டிஸ்க் கிளீனப்’ என்னும் பழைய துப்புரவுக் கருவியை அமைத்தவர்கள், தற்காலிகக் கோப்பு ஒன்று 7 நாட்களுக்கு மேல் தொடப்படாமல் கிடந்தால்தான் அதனை நீக்குமாறு விதித்தார்கள். சென்ட்ரிங் பிரிக்கும் கணக்கும் இக்கணக்கும் ஒத்திருப்பது தற்செயலே. ஆயினும் நினைவிற்கொள்ள வசதியானது. நேற்றுத் தோன்றிய கோப்பு இன்றும் ஒரு வேலையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே கோப்புகளைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, பழையவற்றிலிருந்து தொடங்குவதே முறை.

இனி, துப்புரவு நடவாதபோது என்ன செய்வது என்பதைப் பார்ப்போம். ‘இக்கோப்பு வேறொரு செயலியில் திறந்திருக்கிறது, ஆகையால் நீக்க இயலாது’ என்று கணிப்பொறி மறுக்கும். பலர் இதனைக் கணிப்பொறியின் பிடிவாதம் என்று எண்ணி, எப்பேர்ப்பட்ட கோப்பையும் வலிந்து அழித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளைத் தேடிப் போகிறார்கள். என் கருத்தில் அது தவறான வழி. இந்த மறுப்பு ஒரு செய்தி. இந்த முட்டின் மேல் இன்னும் பாரம் இருக்கிறது என்று இயந்திரம் நமக்குச் சொல்கிறது. பாரம் எது என்று நாம் கேட்க வேண்டும். சொற்செயலி திறந்திருக்கிறதா? உலாவியின் சாளரத்தை மூடிய பின்னும் அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறதா? நச்சுநிரற் காப்புச் செயலி அந்தக் கோப்பைச் சோதித்துக்கொண்டிருக்கிறதா? ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பட்டியலில் பார்த்தால் ஓடுவன எவை என்பது தெரியும். உரிய செயலியை முறையாக மூடியதும் கோப்பு பெரும்பாலும் தானே விடுபடும். விடுபடாத இரண்டொரு கோப்புகளைத் தாண்டிச் செல்லுமாறு பணித்துவிட்டு மற்றவற்றை நீக்கலாம். அந்த இரண்டொன்றால் வட்டு நிறைந்துவிடாது.

கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் எல்லாப் பிடிகளும் விடுபடும் என்பது பொது அறிவு. அதில் நுட்பம் ஒன்று உண்டு. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக, ‘ஷட் டவுன்’ கொடுத்து அணைக்கும்போது கணிப்பொறி பெரும்பாலும் முழுவதுமாக அணைவதில்லை. விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக, இயங்குதளத்தின் உட்பகுதியை அப்படியே வட்டில் எழுதிவைத்துக்கொண்டு உறங்குகிறது. காலையில் அதே நிலையை மீட்டு எழுகிறது. உட்பகுதி பிடித்திருந்த கோப்புகள் பிடித்தவாறே இருக்கும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இரவு முழுவதும் அணைத்து வைத்தும் கோப்பு நீங்கவில்லையே என்று வியப்பவர்க்கு விடை இதுதான்.

வேறொரு மறுப்பு, உங்களுக்கு அனுமதியில்லை என்பது. இயங்குதளத்திற்கே உரிய தற்காலிகக் கோப்புறை நிர்வாகியின் பொறுப்பிலுள்ளது. சொந்தக் கணிப்பொறியாயின் நீங்களே நிர்வாகி. பள்ளியின் ஆய்வுக்கூடமாயின் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கடவுச்சொல்லை ஊகிக்க முயலாதீர்கள்.

அழித்த பின்னும் இடம் பெருகாமல் இருப்பது மூன்றாவது சிக்கல். குப்பைத்தொட்டியைக் காலி செய்தீர்களா என்று முதலிற் பாருங்கள். வழக்கமான முறையில் அழித்தவை அங்கேதான் குடியிருக்கும். அதுவும் காலியாயின், இடத்தை அடைத்திருப்பது தற்காலிகக் கோப்பே அன்று என்று கொள்ளலாம். அண்மையில் விண்டோஸைப் புதிய பதிப்பிற்கு மாற்றியிருந்தால், முந்தைய பதிப்பு முழுவதும் தனிக் கோப்புறையில் இருக்கும். திரும்பிச் செல்ல விரும்புவார்க்காக வைத்திருந்து, 10 நாட்கள் கழித்து அது தானாகவே நீங்கும். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம்’, அதனுள் ‘ஸ்டோரேஜ்’ என்று சென்றால் எது எவ்வளவு இடம் கொண்டது என்ற கணக்குக் கிடைக்கும். அந்தக் கணக்கைப் பாராமல் அழிக்கத் தொடங்குவது, நோயறியாமல் மருந்து கொடுப்பதாகும்.

லினக்ஸில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். நம் புறநகருக்கும் லினக்ஸுக்கும் உறவு உண்டு. 1949-இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம். அங்குள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் இணைந்து உழைத்தன. அம்முயற்சியோடு பிறந்ததே ‘பாஸ்’ எனப்படும் இந்திய லினக்ஸ். 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அவற்றில் இடம் பெற்றது. அக்காவின் மடிக்கணினியைத் தம்பி எடுத்து ஆளும் வீடுகளில் அதனைப் பார்த்திருப்பீர்கள்.

லினக்ஸில் ஒரு செயலி திறந்து வைத்திருக்கும் கோப்பையும் அழிக்கலாம், அது மறுப்பதில்லை. பெயர் பட்டியலிலிருந்து மறையும். ஆனால் அந்தச் செயலி ஓடும் வரையில் உள்ளடக்கம் வட்டிலேயே இருக்கும். ஆகவே கோப்புகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கணக்கும், வட்டைக் கேட்டால் வேறொரு கணக்கும் வரும். வட்டு பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. செயலியை மூடினால் இரு கணக்கும் நேராகும். லினக்ஸின் பொதுத் தற்காலிகக் கோப்புறையில் அழகிய விதியும் ஒன்றுண்டு. யார் வேண்டுமானாலும் அங்கே கோப்பை வைக்கலாம். ஆனால் வைத்தவரும் நிர்வாகியும் தவிரப் பிறர் அதனை எடுக்க முடியாது. ஒரே அறையில் நால்வர் தங்கும் விடுதி மாணவர்க்கு இவ்விதியின் அருமை விளங்கும்.

வட்டில் இடம் ஏராளமாக இருந்தும் செயலி ஒன்று தற்காலிகக் கோப்பை உண்டாக்க இயலவில்லை என்று முறையிடுவதும் உண்டு. விண்டோஸ் இக்கோப்புகளுக்குப் பெயர் சூட்டும் பழைய முறையில், முன்னெழுத்துகளுடன் நான்கு இலக்க எண் ஒன்று சேரும். பதினாறடி எண்முறையில் அத்தகைய எண்கள் சுழியம் நீங்கலாக 65,535 மட்டுமே. அத்தனையும் தீர்ந்துவிட்டால், இடம் இருந்தும் பெயர் இல்லை! பழையவற்றை நீக்கியவுடன் பெயர்கள் மீளும்.

அச்சிடும் பணி நடுவில் நின்று, பின்னால் வந்தவை யாவும் தேங்குவதும் இவ்வகையே. அங்கே ‘பிரின்ட் ஸ்பூலர்’ என்னும் பணியை நிறுத்தி, அதன் கோப்புறையிலுள்ளவற்றை நீக்கி, மீண்டும் தொடங்கினால் தடை அகலும்.

எதனை அழிக்கலாகாது என்பதை இனிச் சொல்ல வேண்டும். நான் பெரிதும் கவலைப்படுவது இதுபற்றியே. மின்னஞ்சலில் வந்த இணைப்பை எங்கும் சேமிக்காமல் அப்படியே திறந்து திருத்துகிறீர்கள். பல செயலிகள் அந்த இணைப்பின் படியொன்றைத் தற்காலிகக் கோப்புறையில் வைத்தே உங்களுக்குக் காட்டுகின்றன. சுருக்கிய பொதிக்குள் இருக்கும் கோப்பைத் திறந்தாலும் அப்படியே. சில செயலிகள் ‘படிக்க மட்டும்’ என்று எச்சரிக்கும், எல்லாம் எச்சரிப்பதில்லை. மூன்று மணி நேரம் திருத்திச் சேமித்தது எங்கே? அந்த முட்டுக்கம்புகளுக்கு நடுவில். மின்னஞ்சலில் இருப்பதோ பழைய கோப்பு. தாம்பரம் பகுதிக் கல்லூரி மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை இவ்வாறு எழுதி, மறுநாள் தாமே துப்புரவு செய்து, தாமே இழந்தார். எந்தக் கோப்பையும் திறந்தவுடன் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து உங்கள் கோப்புறையில் வைத்துக்கொண்ட பிறகே முதல் எழுத்தைத் திருத்துங்கள்.

கணிப்பொறி திடீரென நின்றதற்கு அடுத்த நாள் துப்புரவில் இறங்கவும் வேண்டாம். முதலில் சொற்செயலியைத் திறந்து, மீட்கத்தக்கது ஏதேனும் அது காட்டுகிறதா என்று பாருங்கள். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், துப்புரவுக் கருவியின் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையும் சேர்க்கப்பட்டது. குப்பைதானே என்று எல்லாவற்றையும் குறியிட்டவர்கள் தாம் இறக்கி வைத்திருந்த பாடக்குறிப்புகளையும் இழந்தார்கள். பின்னர் அக்கருவியிலிருந்து அது எடுக்கப்பட்டது. ஆயினும் ‘செட்டிங்ஸ்’ வழியே செல்லும் துப்புரவுப் பட்டியலில் அப்பெயர் இன்றும் உண்டு. குறியிடுமுன் படித்துப் பாருங்கள்.

பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் நாட்களில், தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றிய ஜெராக்ஸ் கடைகளிலும் இணைய மையங்களிலும் மாணவர் கூட்டம் நெருக்கும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை மின்னஞ்சலில் திறந்து அச்சிட்டுக்கொண்டு போகிறார்கள். தாள் கைக்கு வந்தது. படி கடையின் கணிப்பொறியில் தங்கிற்று. அடுத்து அமர்பவர் யாராயினும் அதனைக் காண்பார். இயன்றால் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுசென்று அதிலிருந்தே திறந்து அச்சிடுங்கள். மின்னஞ்சலைத் திறந்தே தீரவேண்டுமாயின் உலாவியின் தனிமைச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள். அதனை மூடியதும் அதன் தற்காலிகப் படிகள் நீங்கும். ஆனால் இறக்கிய கோப்புகள் நீங்கா. ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் உங்களுடையதை நீங்களே அழித்து, குப்பைத்தொட்டியிலிருந்தும் அகற்றி, மின்னஞ்சலிலிருந்து வெளியேறி, அதன்பின் எழுந்திருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுக்கக்கூடும். இந்த வேலைக்கு இரண்டு நிமிடம் போதும் என்று அவரிடம் சொல்லலாம்.