முதுகெலும்பை அரிக்கும் டி.பி.

காசநோய் என்றால் இருமல்தான் என்று கோவண்டியில் பலர் நினைக்கிறார்கள். அது முதுகெலும்பையும் அரிக்கும்.

"மூட்டை தூக்கிய வலி, ஊருக்குப் போய் பார்த்துக்கொள்ளலாம்" என்று தைலம் தேய்ப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் எலும்பு நொறுங்கிச் சரியும், கூன் விழும். சீழ் கட்டி நரம்பை அழுத்தும். கால் மரத்துத் தள்ளாடும், சிறுநீர் அடைபடும். இந்த நிலையில் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது.

அழுகிய எலும்பை முன்புறமாகச் சென்று நீக்கி, எலும்பு ஒட்டு வைக்கும் ஆபரேஷனை ஹாங்காங் டாக்டர்கள் ஹாட்ஜ்சன், ஸ்டாக் 1956-ல் வெளியிட்டார்கள். இன்று திருகாணியும் கம்பியும் வைத்து நிமிர்த்துகிறார்கள்.

எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. கால் விழாதவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும் என்று காட்டிய ஆய்வுகளில் நம் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வும் ஒன்று! ஆபரேஷன் ஆனவர்களும் மாத்திரையை நடுவில் விடக்கூடாது. அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசம்.